ஹெல்மெட் தலையில்... பட்டை காற்றில்!

சென்னை அண்ணாசாலை. மாலை 6 மணி. சிக்னலில் சிவப்பு விளக்கு.

மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. முக்கால்வாசிப் பேர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. தாடைக்குக் கீழே பார்த்தால்? பட்டை இரண்டு பக்கமும் தோரணம் மாதிரி ஆடிக்கொண்டு இருக்கிறது!

இன்னும் சிலருக்கு ஹெல்மெட் முழங்கையில். தூரத்தில் போக்குவரத்து போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறும். அடுத்த தெருமுனையில் இறங்கிவிடும்.

"கழுத்தை இறுக்குது சார்!"

"இதோ, பக்கத்துலதான் வீடு!"

"வேர்த்துக் கொட்டுது!"

கேட்டால் இப்படித்தான் பதில் வரும். வேர்வை உண்மைதான். சித்திரை வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை அவிந்துவிடும். ஆனால் பட்டையை மாட்டுவதற்கும் வேர்வைக்கும் என்ன சம்பந்தம்?

சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவில் ஹெல்மெட் என்றால் எது என்று விளக்கம் கொடுத்து இருக்கிறார்கள். அடிபட்டால் தலையைக் காக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதோடு, பட்டையால் தலையில் கெட்டியாக மாட்டப்பட்டு இருக்கவும் வேண்டும்.

அதாவது, பட்டை மாட்டாத ஹெல்மெட் சட்டத்தின் கண்ணுக்கு ஹெல்மெட்டே அல்ல. வெறும் தொப்பி!

சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 1-7-2015 முதல் ஹெல்மெட் கட்டாயம் ஆனபோது கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. அப்போது அபராதம் ரூ.100. 2022 அக்டோபரில் அது ரூ.1,000 ஆனது. அபராதத்துக்குப் பயந்து வாங்கியவர்கள்தான் அதிகம். அதனால்தானோ என்னவோ, போலீசாருக்குக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது.

உள்ளே தெர்மோகோல்

ஹெல்மெட்டின் கெட்டியான ஓடு அடியைப் பரப்பிவிடும். அதற்கு உள்ளே தெர்மோகோல் இருக்கிறது. தலை மோதும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். மூளைக்குப் போக வேண்டிய அடி தெர்மோகோலோடு போகும்.

இதெல்லாம் ஹெல்மெட் தலையில் இருந்தால்தானே! வண்டியில் இருந்து விழுகிறவர் ஒரே அடியோடு தப்புவது அபூர்வம். முதல் அடி கார் கதவில். அடுத்தது தார் ரோட்டில். அதற்கும் அடுத்தது நடைபாதைக் கல்லில். பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று உருண்டோடிவிடும். மிச்ச அடியெல்லாம் வெறும் தலைக்கு.

ஹெல்மெட் அணிந்தால் சாவு 42 சதவீதமும், தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான அறிக்கை சொல்கிறது.

பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் கூடாது. மாட்டியபிறகு பின்பக்கத்தில் கை வைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் ரோட்டிலும் வந்துவிடும்.

ஒருதடவை விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட்டும் உதவாது. நசுங்கிய தெர்மோகோல் பழையபடி எழும்பாது. வெளியே பளபள என்றுதான் இருக்கும். அதைத் துடைத்து தம்பிக்குக் கொடுக்கும் தாராள மனசுக்காரர்களும் இருக்கிறார்கள்!

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக்கூடாது என்று 1-6-2021 முதல் தடை உண்டு.

பின்சீட்டில்...

சிக்னலில் இன்னொரு காட்சி. கணவர் தலையில் ஹெல்மெட். பட்டைகூட மாட்டி இருக்கிறார். பின்னால் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்து இருக்கிறார். அவர் தலையில் மல்லிகைப்பூ மட்டும். "ஹெல்மெட் போட்டா பூ நசுங்கிடுமே!"

அதே 129-வது பிரிவு பின்சீட்டுக்காரருக்கும் பொருந்தும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், ஓட்டுகிறவரோடு சேர்த்து பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரியில் இருந்து இது விதி.

இந்த அம்மாவின் மடியிலும் ஒரு குழந்தை. பெல்ட் இல்லை. ஒரு கையில் குழந்தை. மறு கையில், சக்கரத்தில் சிக்காமல் சுருட்டிப் பிடித்த முந்தானை. வண்டியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது.