கிகாஹெர்ட்ஸ் சொல்லாத வேகம்

கணினி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை கிகாஹெர்ட்ஸ்?’ ஒரே தலைமுறைச் செயலிகள் இரண்டில் எது வேகமானது என்று அறிய அந்தக் கேள்வி ஓரளவு உதவும். தலைமுறை மாறிவிட்டால் அதுவே நம்மைத் தவறான விடைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். 2006 ஜூலையில் இன்டெல் நிறுவனம் கோர் 2 டுவோ செயலிகளை வெளியிட்டது. அதில் இ6600 என்ற ரகத்தின் கடிகார வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதற்கு முந்தைய தலைமுறையின் பென்டியம் டி 960 ஓடியதோ 3.6 கிகாஹெர்ட்ஸில், அதாவது ஒன்றரை மடங்கில். ஆனாலும் பெரும்பாலான வேலைகளை முதலில் முடித்தது புதிய செயலிதான்.

புதியதில் இரண்டு கோர்கள் இருந்திருக்கும், டிரான்சிஸ்டர்கள் சிறுத்திருக்கும், அதனால் வென்றிருக்கும் என்று சொல்லத் தோன்றும். இந்த ஜோடியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்த வாதம் இங்கே செல்லாது என்பதுதான். இரண்டும் 65 நானோமீட்டர் முறையில் தயாரானவை; இரண்டிலும் இரண்டு கோர்கள்; இரண்டிலும் கேச் நினைவகம் மொத்தம் 4 மெகாபைட். டிரான்சிஸ்டர் கணக்கில் பழையதுதான் பெரியது: பென்டியம் டி-யில் சுமார் 37.6 கோடி, கோர் 2 டுவோவில் சுமார் 29.1 கோடி. நினைவகத்தோடு பேசும் பாதை புதியதில் வேகமானது என்பது நியாயமான ஆட்சேபம். பென்டியம் டி-யின் பாதை 800 மெகாஹெர்ட்ஸ், புதியதில் 1066. ஆனால் அதே 1066 பாதையோடு 3.73 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷன் 965 என்ற விலை உயர்ந்த ரகமும் தோற்றது. ஆகவே வித்தியாசம் உள்வடிவமைப்பில்தான் இருந்திருக்க வேண்டும்.

கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, செயலிக்குள் ஒவ்வொரு கட்டளையும் பல நிலைகளைத் தாண்டிப் போகிறது. ஆட்களைக் கூட்டி நெருக்கமாக நிறுத்தினால் ஒவ்வொரு கைமாற்றமும் சீக்கிரம் முடியும். கடிகாரத்தை வேகமாகத் தட்டலாம். பென்டியம் 4 குடும்பம் பின்பற்றிய வழி இதுதான். 2000-இல் 20 நிலைகளோடு தொடங்கி, 2004-இல் 31 நிலைகள்வரை அந்த வரிசை நீண்டது. நிரலில் ‘மதிப்பெண் 35-க்குக் குறைவா?’ என்பது போன்ற கேள்வி வரும்போது, விடை தெரியும்வரை செயலி காத்திருப்பதில்லை. ஒரு பக்கத்தை ஊகித்து மேற்கொண்டு ஓடுகிறது. ஊகம் பிழைத்தால் வரிசையில் உள்ள கட்டளைகளைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3.6 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.28 நானோவினாடி, 31 நிலைகளும் மீண்டும் நிரம்ப 8.6 நானோவினாடி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.42 நானோவினாடி, கோர் 2-இன் 14 நிலைகள் நிரம்ப 5.8 நானோவினாடி. மெதுவான கடிகாரம் கொண்ட செயலிதான் பிழையிலிருந்து முதலில் மீள்கிறது! இது போக, ஒவ்வொரு துடிப்பிலும் பழையது அதிகபட்சம் மூன்று கட்டளைகளைக் கையாண்டது என்றால் புதியது நான்கைக் கையாண்டது. பழையதில் ஒரு கோரின் கேச்சில் உள்ள தரவை இன்னொரு கோர் பெற, சில்லுக்கு வெளியே உள்ள பாதை வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. புதியதில் கேச் இரண்டுக்கும் பொது.

அப்படியானால் நீண்ட வரிசையை வடிவமைத்தவர்கள் அறியாமல் செய்தார்களா? நிச்சயமாக இல்லை. கடிகாரம் 10 கிகாஹெர்ட்ஸ்வரை ஏறும், ஒவ்வொரு துடிப்பிலும் இழப்பதை அந்த ஏற்றம் ஈடுகட்டிவிடும் என்று நம்பினார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் 1974-இல் காட்டிய விதி அதற்கு இடம் கொடுத்தது: டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், அதனால் வெப்பம் கட்டுக்குள் நிற்கும். ஆனால் 90 நானோமீட்டரை எட்டியபோது மின்கசிவு கூடியது. மின்னழுத்தம் முன்போல் இறங்க மறுத்தது. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கடிகார வேகத்தோடும் பெருகுவது. இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால் செலவு 33 சதவீதம் ஏறும். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004-இல் இன்டெல் கைவிட்டது. பிறகு கைகொடுத்தது, இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள அதன் குழு மடிக்கணினிக்காக உருவாக்கிய சிக்கன வடிவமைப்பு. கோர் 2 டுவோ அதன் வழிவந்தது. 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு 130 வாட் வெப்ப வரம்பு வைக்க வேண்டியிருந்தது; இ6600-க்கு 65 வாட் போதுமானதாக இருந்தது.

இதனால் கடிகார வேகம் வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஊகப் பிழை குறைவான, ஒரே சீராக ஓடும் வீடியோ மாற்றம் போன்ற வேலைகளில் பென்டியம் 4 நன்றாகவே உழைத்தது. 2023-இல் டெஸ்க்டாப் செயலிகள் 6 கிகாஹெர்ட்ஸையும் தொட்டன. என் வாதம், அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது என்பதே. 2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இன்னொரு சான்று. அதே எட்டு கோர்கள் கொண்ட 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், இதற்கு 4.5. ஆனால் கேச் 32 மெகாபைட்டிலிருந்து 96-க்கு உயர்ந்தது. பல விளையாட்டுகளில் இது தெளிவாக முந்தியது. முப்பரிமாணப் படம் வரைவது போன்ற வேலைகளில் பழையதே சற்று முன்னால் நின்றது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில் இந்தச் செயலி ஒரு வேலையை எத்தனை வினாடியில், எத்தனை வாட்டில் முடிக்கிறது என்பதுதான்.