இடியன் துவக்கும் ஒற்றை வெடியும்

மட்டக்களப்பிலிருந்து திருக்கோணமலைக்குச் செல்லும் கரையோரத் தெருவிலே, மாங்கேணியைக் கடந்து வாகரையை அடையுமுன் எதிர்ப்படுவது பனிச்சங்கேணி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, அதற்கப்பால் காடு. பனிச்சங்காய்ச் சாற்றிலே வலைக்குச் சாயமேற்றிய மீனவரும், காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்தவரும், வேட்டையையே வாழ்வாகக் கொண்டிருந்த வேடர் வழிவந்தோரும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது.

அண்மையில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து உரையாடிக்கொண்டிருந்தேன். இடது காலை நீட்டியபடி அவர் சாய்ந்திருந்தார். இருபது வயது மதிக்கத்தக்க பேரன் வந்து தயங்கி நின்றான்.

"அப்பப்பா, இடியன் துவக்கு ஒண்டு விலைக்கு வருகுதாம். மான் வேட்டை பழக அது காணுமோ?"

பெரியவர் சினந்துகொள்ளவில்லை. வளையிலே தொங்கிய பழைய மாட்டுக்கொம்பு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். ஒரு காலத்தில் அவர் வெடிமருந்து வைத்திருந்த கொம்பு அது.

"வாங்க முதல் என்னென்ன பார்க்க வேணுமெண்டு நான் சொல்லுறன். கேட்டுப்போட்டு நீயே முடிவைச் சொல்லு, மகன்" என்றார்.

நகரத்து வாசகர்கள் சிலர் இடியன் துவக்கைக் கண்டிருக்கமாட்டார்கள். தோட்டாவைப் பின்புறமாகச் செருகும் துவக்கன்று இது. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தும்போ துணியோ அடைத்து, ஈயத்தை இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்குவதனாலேயே இப்பெயர் பெற்றது. துவக்கு வருமுன் இக்காடுகளில் வில்லே ஆட்சி செய்தது. 1660ஆம் ஆண்டிலே, வாகரைக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகிறார். அம்பு முனை வேண்டிய வேடர் இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து, வேண்டிய வடிவில் இலையொன்றை வெட்டி வைத்து, இறைச்சியையும் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வடிவில் முனை செய்து வைத்தால், மறுமுறையும் இறைச்சி வருமாம். ஆயுதத்தைத் தேர்வதில் அவர்கள் எத்துணைக் கவனமாயிருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

பெரியவர் கூறியவற்றை, நூல்களிற் கண்டவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலாவது, குழல். உள்ளே துரு அரித்த குழலும், வெளியே வீக்கமோ வெடிப்போ காணப்படும் குழலும் எவ்வளவு மலிவாயினும் ஆகா. தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த துவக்கு, சுடப்படுபவனைக் காட்டிலும் சுடுபவனுக்கே பகை. ஆராய்ந்து சோதித்து முத்திரையிட்ட குழலே தொடக்கக்காரனுக்கு ஏற்றது.

இரண்டாவது, தீமூட்டும் பொறி. பழங்காலத்துச் சக்கிமுக்கிக்கல் துவக்கிலே தீப்பொறி மருந்தை அடையச் சிறிது நேரம் செல்லும்; ஈரக்காற்றில் அது அணைந்தும் போகும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் போர்சைத் என்னும் பாதிரியார், அடித்தால் தானே தீப்பற்றும் மருந்தைத் துவக்கிற் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் உரிமை பெற்றார். அதன் வழியாகப் பின்னர் வந்ததே செம்புக் கேப்பு. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில், புதிதாகப் பழகுபவனுக்குக் கேப்புத் துவக்கே எளிது.

மூன்றாவது, குழலின் உட்புறம். உட்புறம் வழுவழுப்பான குழலினால் ஈயக்குண்டை 50 யாருக்கு அப்பால் நம்பிக்கையோடு செலுத்த இயலாது. உள்ளே திருகு வரிகள் வெட்டிய றைபிளோ, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டினாற் சுற்றிய குண்டைச் சுழற்றி அனுப்புவதால், தேர்ந்தவன் கையில் 100 யார் வரையில் குறி தப்பாது. அமெரிக்காவில் மான் வேட்டை பழகுவோர் பெரும்பாலும் அரை அங்குல வாயுடைய றைபிளைத் தேர்கின்றனர். அதற்குரிய உருண்டைக் குண்டு துணிக்கு இடம்விட்டு 0.49 அங்குலமாக வார்க்கப்படும். எடை ஏறத்தாழ 11 கிராம். கலப்பில்லாத மெல்லிய ஈயமே உகந்தது. சிறு சன்னங்களை வாரி இறைப்பது மானைக் கொல்லாது, காயப்படுத்தியே விடும். அது பற்றைக்குள் ஓடி யாருக்கும் பயனின்றிச் சாகும்.

நான்காவது, மருந்து. இடியன் துவக்குக்கு உரியது கருமருந்தும், அதற்குப் பதிலாகவே செய்யப்பட்ட மாற்று மருந்துகளுமே. புதிய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை உடைத்தெடுத்து இதில் இட்டால், குழல் சிதறிக் கையும் கண்ணும் போய்விடும். மருந்தைக் கொம்பிலிருந்து நேரே குழலிற் கொட்டலாகாது. முந்திய வெடியின் தணல் உள்ளே இருக்குமாயின் கொம்பே வெடிக்கும். அளவுகுப்பியில் அளந்தே இடவேண்டும். குண்டு மருந்தின்மேல் நன்கு பதியவேண்டும். இடையில் வெளி விட்டால் குழல் வீங்கும். மருந்திட்டதை மறந்து மறுமுறை இடாதிருக்க, நிறைந்த குழலின் ஆழத்தை இடிகோலில் அடையாளமிட்டுக்கொள்வது நன்று. கேப்பு அடித்தும் வெடி கிளம்பாவிடின், வாயை ஆளில்லாத் திசை நோக்கிப் பிடித்து ஒரு நிமிஷமேனும் காத்திருத்தல் வேண்டும். சுட்டு முடிந்ததும் வெந்நீராற் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால், கருமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி, விரைவிலேயே குழலை அரித்துவிடும்.

"இவ்வளவும் சரியெண்டாலும் ஒரு வெடிதான், மகன். அடுத்ததுக்கு மருந்து இடிக்கிறதுக்குள்ள மான் காதம் போயிரும். அதால நிச்சயமில்லாமல் விரலை அசைக்கிறதில்லை. அதுதான் முதல் பாடம்" என்றார் பெரியவர்.

இத்துவக்கின் பெருமையும் அதுவே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1974ஆம் ஆண்டு தொடக்கம் சக்கிமுக்கிக்கல் துவக்குக்கெனத் தனி மான் பருவமே ஒதுக்கப்பட்டுள்ளது. மான் பெருகி, கணக்கெடுக்கப்பட்டு, உரிமம் வழங்கப்படும் நாடு அது.

நம் நாட்டு நிலை வேறு. ஒருகாலத்தில் உரிமம் பெற்று, குறித்த பருவத்தில் இங்கும் மான் சுட்டனர். இன்று, 2009ஆம் ஆண்டில் இறுக்கமாகத் திருத்தப்பெற்ற, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, புள்ளிமானையோ மரையையோ வேட்டையாடுதல் குற்றம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமோ அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலையே தடுக்கிறது. நீண்ட போரைக் கண்ட இப்பகுதியிலே, துவக்கு ஒரு வீட்டில் இருப்பது எத்துணைப் பாரமான விஷயம் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

"எனக்கு வாற துவக்குக்குப் பத்திரம் இல்லை" என்றான் பேரன் மெல்ல.

"குழல்?"

"குழாய்க் குழல் எண்டுதான் நினைக்கிறன்."

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் வேட்டியைச் சற்று விலக்கி இடது காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே சதை குழிந்து, வடு படர்ந்திருந்தது. பன்றிக்கென்று எவரோ பாதையோரத்திற் கட்டிய கட்டுத்துவக்கு. விறகு வெட்டப் போனபோது கம்பியில் கால் தட்டியது.

"அதுவும் இப்பிடி வாங்கின துவக்குத்தான். குறி பார்க்கப் பழகாதவன் மரத்தில கட்டிப்போட்டுப் போவான். கட்டின துவக்குக்குப் பன்றி தெரியாது, மானும் தெரியாது, மனிசனும் தெரியாது."

இலங்கையின் காடு சார்ந்த ஊர்களிலே கட்டுத்துவக்கினாற் காலிழந்த உழவர் பலர். யானையும் சிறுத்தையுங்கூட அதற்குத் தப்புவதில்லை. பன்றியும் முள்ளம்பன்றியும் பயிரை அழிப்பது உண்மையே. பயிர் காக்கத் துவக்கு வேண்டுமெனில், உரிய அதிகாரியிடம் அனுமதி பெற்று, முறையாகச் செய்த துவக்கை வாங்கி, ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொள்வதே வழி. அதுவும் பயிர் காப்பதற்கு மாத்திரமே, மானுக்கன்று.

பேரன் கொம்பைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "அப்பப்பா கடைசியா மான் சுட்டது எப்ப?"

"மறந்துபோச்சு. ஆனா, சுடாமல் விட்டது நினைவிருக்கு. களப்படியில பிணையும் குட்டியும் தண்ணி குடிச்சுது. விரல் வில்லில இருந்தது. எடுத்திட்டன்."

அவன் கொம்பை மீண்டும் வளையில் மாட்டினான். துவக்கைப் பற்றி அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை; பெரியவரின் கையைப் பிடித்து எழுப்பி, முற்றத்துக்கு மெல்ல நடத்திச் சென்றான்.

பெற்றோரே, உங்கள் வீட்டு இளைஞன் துவக்கைப் பற்றிக் கேட்டால் அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அவனை அருகிலிருத்தி, ஒரு வெடிக்கு எவ்வளவு அறிவும் பொறுப்பும் வேண்டுமென்பதை முழுவதும் எடுத்துரையுங்கள். அறிந்தவன் பெரும்பாலும் அவசரப்படமாட்டான்.