இலை, வேர், விதை – 11: சுங்கை பூலோவில் நீரடிமுத்து

சென்ற வாரம் வல்லாரையைப் பற்றி எழுதியதும் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கன்று எங்கே கிடைக்கும்? சுங்கை வேயில் இருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாசலில் நாலு பூச்சட்டி வைக்க இடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை பூலோவுக்கு வண்டி எடுத்துவிடுவோம். சாலையோரம் வரிசையாக நர்சரிகள். துளசி, கறிவேப்பிலை, மல்லிகை, வல்லாரை எல்லாம் அங்கே உண்டு. எல்லாரிடமும் அந்த இடத்தைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு மனம் கொஞ்சம் உறுத்தியது. மூலிகைகளைப் பற்றித் தொடர் எழுதுகிறவன் சுங்கை பூலோவை வெறும் செடிக்கடையாகக் காட்டிவிட்டுப் போவது நியாயமில்லை.

அந்த நர்சரிகள் இருக்கும் மண் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியேற்றம். செடி வளர்ப்பது அங்கே வாழ்ந்தவர்களின் பிழைப்பாக இருந்தது. இன்று செடி விற்பவர்களில் அவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் உண்டு. ஒரு தாவர மருந்து நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான உடம்புகளில் சோதிக்கப்பட்ட கதையும் அந்த மண்ணில்தான் நடந்தது.

மருந்தின் பெயர் நீரடிமுத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் மரம். மலையாளத்தில் மரோட்டி என்பார்கள். உருண்டையான காய்க்குள் எண்ணெய்ப் பசையுள்ள விதைகள் நெருக்கமாக அடைந்திருக்கும். சித்த மருத்துவம் இந்த எண்ணெயைத் தோல் நோய்களுக்கும் பெருநோய் எனப்படும் தொழுநோய்க்கும் பயன்படுத்தியது. நீரடிமுத்து வல்லாதி மெழுகு என்ற மருந்து இன்றும் இருக்கிறது. இதே இனத்தின் இன்னொரு மரம் சயாமிலும் இந்தோசீனத்திலும் வளர்கிறது. அதன் விதையைச் சீன வைத்தியர்கள் அதே நோய்க்குக் கொடுத்தார்கள். பர்மா, வங்காளக் காடுகளில் கிடைத்த உறவு மரத்தின் எண்ணெய்க்குச் சால்முக்ரா என்று பெயர். கல்கத்தா மருத்துவர் மௌவட் 1854இல் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் ஆங்கில மருத்துவம் திரும்பிப் பார்த்தது. தமிழ் வைத்தியர், சீன வைத்தியர், பர்மியக் காட்டுவாசி ஆகிய மூவரும் ஒரே இனத்து மரங்களிடம் ஒரே நோய்க்காகப் போயிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொம்யூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஜாலான் டிராவர்ஸ் போகிறது. அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் டாக்டர் டிராவர்ஸ், சிலாங்கூரில் அரசு மருத்துவராக இருந்தவர். 1920களில் கோலாலம்பூர் தொழுநோயாளர் காப்பகத்தை அவர் பார்த்துக்கொண்டார். மனிதர்களைச் சிறையில் அடைப்பதுபோல் அடைத்து வைத்திருந்த இடம் அது. அங்கே அவர் சீன வைத்தியத்தின் 'தாய் பூங் சீ' என்ற மருந்தை, அதாவது நீரடிமுத்து இனத்து விதையின் பொடியை, வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். 1926இல் அந்த அனுபவத்தை லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். காலனிக் காலத்து வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் சீன மருந்துக்கடைச் சரக்கைத் தேடிப் போனது சின்ன விஷயமில்லை. காப்பகம் மனிதர் வாழத்தக்க ஊராக வேண்டும் என்றும் அவர் வாதாடினார். சுங்கை பூலோ பிறந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதே 1926இல்தான் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டமும் வந்தது. தோட்டத்துத் தமிழரும் கம்பத்து மலாய்க்காரரும் ஈயச் சுரங்கத்துச் சீனரும் சுங்கை பூலோவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கோயில், தேவாலயம், மசூதி, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே இருந்தன. உள்ளே பிறந்த குழந்தைகளை மட்டும் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். மருந்தின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிடக் கூடாது. எந்த நம்பிக்கையில் அந்த எண்ணெயை உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள் என்பது இதை அறிந்தால்தான் புரியும்.

எண்ணெய் என்றால் லேசான எண்ணெய் இல்லை. குடித்தால் குமட்டும், வாந்தி வரும். நோயாளிகள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஊசியில் ஏற்றினால் கெட்டியாகத் தோலுக்கடியில் தங்கி வீங்கிக் கட்டியாகிவிடும், வலி உயிர் போகும். விதைக்குள் என்ன இருக்கிறது என்பதை 1904, 1905இல் லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஃபிரெடரிக் பவர் கண்டுபிடித்தார். அவருக்குக் கிடைத்தவை சால்முக்ரிக் அமிலம், ஹிட்னோகார்ப்பிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலங்கள். தேங்காயெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் நீண்ட சங்கிலிகள். நீரடிமுத்தின் சங்கிலி நுனியில் மட்டும் ஐந்து கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம் தொங்கும். அந்த வளையத்துக்காகத்தான் உலகமே இந்த மரங்களைத் தேடி அலைந்தது.

அந்த எண்ணெயை உடம்பு தாங்கும் ஊசி மருந்தாக்கியவர் ஒரு கறுப்பினப் பெண். ஆலிஸ் பால் அப்போது ஹவாய்க் கல்லூரியில் இருந்தார், வயது 23. கெட்டியான அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றினால் நீர்த்து, உடம்பு ஏற்றுக்கொள்ளும் மருந்தாகிவிடும் என்பதை 1915இல் செய்து காட்டினார். அடுத்த ஆண்டின் கடைசி நாளில் இறந்துபோனார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்து செய்து, ஆலிஸ் பாலின் பெயரைச் சொல்லாமலே வெளியிட்டார். 1922இல் ஹோல்மன் என்ற மருத்துவர்தான் அதைப் 'பால் முறை' என்று எழுதி உண்மையைப் பதிவு செய்தார். ஹவாய்ப் பல்கலைக்கழகம் தன் வளாகத்துச் சால்முக்ரா மரத்தடியில் ஆலிஸ் பாலுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தது 2000இல். 84 ஆண்டுகள் கழித்து!

சரி, குணமானதா? தொடர் தொடங்கியதிலிருந்து எந்த இலையைப் பற்றி எழுதினாலும் இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நோய் தானாகத் தணியும், தானாகச் சீறும். சிலருக்கு மருந்தே இல்லாமல் அடங்கும். அப்படியிருக்க, ஊசி போட்டு ஒரு வருஷத்தில் தழும்பு மங்கினால் அது எண்ணெயின் வேலையா, நோயின் போக்கா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வரிசை நோயாளிகள் இருக்க வேண்டும், அந்தப் பழக்கம் அன்று வேரூன்றவில்லை. கிருமியை ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்து மருந்தைச் சோதிக்கலாம் என்றால், ஹான்சன் 1873இல் கண்டுபிடித்த அந்தக் கிருமி இன்றுவரை எந்தத் தட்டிலும் வளர மறுக்கிறது. ஆரம்ப நிலையில் வந்தவர்கள் சிலர் தேறினார்கள், முற்றியவர்கள் தேறவில்லை என்பதுதான் அந்தக் காலத்து மருத்துவர்களின் அனுபவம்.

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் ஃபாஜெட் என்பவர் புரோமின் என்ற சல்ஃபோன் மருந்தைக் கொடுத்து வெற்றி கண்டார். அந்தக் குடும்பத்து டாப்சோன் மாத்திரை மலிவு, விழுங்கினால் போதும். சில ஆண்டுகளில் நீரடிமுத்து ஊசி உலகெங்கும் கைவிடப்பட்டது. அதோடு மறந்தும் போயிருப்போம். ஆனால் 1960இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமி வளரும் என்று காட்டினார். மருந்துகளை அளந்து பார்க்க முதல்முறையாக ஒரு தராசு கிடைத்தது. 1970களில் பழைய சால்முக்ரா அமிலங்களையும் அந்தத் தராசில் வைத்தார்கள். எலியில் அவை கிருமியின் பெருக்கத்தைத் தடுத்தன. ஆக, நம் வைத்தியர்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் கிருமியைத் தடுப்பது வேறு, பல ஆண்டுகளாக உடம்பில் கோடிக்கணக்கில் மண்டிக்கிடக்கும் கிருமிகளை அழிப்பது வேறு. அந்த எண்ணெய் தாங்கக்கூடிய அளவில் அவ்வளவு தூரம் போகவில்லை.

அதே எலிப்பாதத் தராசு சுங்கை பூலோவையும் மருத்துவ வரலாற்றில் ஏற்றிவிட்டது. டாப்சோன் சாப்பிட்டும் சிலருக்கு நோய் திரும்பி வந்தது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று நோயாளியின் மேல் பழி போடுவது சுலபம். சுங்கை பூலோவிலிருந்த மருத்துவர் பெட்டிட்டும் லண்டனிலிருந்த ஆய்வாளர் ரீஸும் அப்படிச் செய்யவில்லை. அந்த நோயாளிகளின் கிருமியை எலிகளில் வளர்த்து, டாப்சோன் அதைத் தொடவில்லை என்று 1964இல் நிரூபித்தார்கள். தொழுநோய்க் கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டதற்கு உலகில் கிடைத்த முதல் சான்று அது. அதன் பிறகு ரிஃபாம்பிசின் என்ற மருந்தும் சுங்கை பூலோ நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 1970இல் முடிவுகள் வெளியாயின. அதுவும் இயற்கை தந்ததுதான். 1957இல் பிரெஞ்சுக் கடலோரத்துப் பைன் காட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் சரக்கைக் கொஞ்சம் திருத்திச் செய்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் தீரும்.

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாசார் மாலாமில் விற்கும் மூலிகைப் போத்தல்களை நான் பார்க்கிறேன். மலேசியாவில் 1992 முதல் பாரம்பரிய மருந்துகளும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவானால் லேபிளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் 'டி' என்ற எழுத்தும் இருக்கும். அது இல்லாத போத்தலை வாங்காதீர்கள். இருந்தாலும், அந்த எண் சொல்வது பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும்தான், சர்க்கரை நோய் தீரும் என்பதை அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாற்றுக்கு மாறியவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லும்படி கேளுங்கள், கூடவே போய் உட்காருங்கள். நீரடிமுத்து விதையை வாங்கி வீட்டில் யாரும் எதுவும் செய்துபார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காயை ஆற்றில் போட்டு மீனைக் கொன்று பிடித்த பழக்கம் உண்டு.

குடியேற்றத்தின் கிழக்குப் பகுதியைப் பல்கலைக்கழக வளாகத்துக்காக 2007இல் இடித்தார்கள். மிச்சப் பகுதியில் பழைய சிறு வீடுகள் இருக்கின்றன, அங்கே வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடமும் இருக்கிறது. வல்லாரைக் கன்று வாங்கப் போகிறவர்கள் வண்டியை உடனே திருப்பிவிடாமல் அதற்குள்ளும் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரித்துக் கொண்டுபோன குழந்தைகளில் சிலர், தலை நரைத்த பிறகு, தங்களைப் பெற்றவர்களைத் தேடிக்கொண்டு வந்த இடம் அது.

(தொடரும்)