ரிங்கு சிங்கின் 72 இன்னிங்ஸ்

ஐபிஎல் பருவத்தில் ஜொகூர், கெலாங் பாத்தாவின் சாப்பாட்டுக் கடைகளில் கடைசி நான்கு ஓவருக்குத்தான் சத்தம் அதிகம். யாரிடம் பந்தைக் கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு தீர்ப்பு. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர் பற்றி நம் பையன்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த ‘டெத் ஓவர்’ வேலையையே ஆயுள் தொழிலாக வைத்துக்கொண்டவர்கள் பேஸ்பாலில் இருக்கிறார்கள். ரிலீஃப் பிட்சர் என்று பெயர். ஓர் இந்தியக் கிராமத்து இளைஞர் அந்தத் தொழிலுக்குள் போய் நான்கு சீசன் தாக்குப்பிடித்தார். அவர் பேஸ்பால் ரிங்கு சிங்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒருநாள் வீசினால் நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். ரிலீஃப் பிட்சருக்கு அந்த நிச்சயம் கிடையாது. மைதானத்தின் ஓரத்தில் ‘புல்பென்’ என்ற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைபேசி அடிக்கும். சில நிமிடங்களில் தோளைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போனால், மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நின்றிருக்கலாம். 18.44 மீட்டர் தூரத்தில் பேட்டர். முன்னால் வீசியவர் இழுத்துவைத்த சிக்கலை இவர் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தாலும் பெயர் பெரும்பாலும் வேறொருவருக்குத்தான்.

இந்த வேலையை அமெரிக்காவே வெகுகாலம் மதிக்கவில்லை. வெற்றியைக் காப்பாற்றித் தருபவருக்கான ‘சேவ்’ என்ற கணக்கு அதிகாரபூர்வமானது 1969-இல்தான். பனாமாவின் மீனவக் குடும்பத்தில் பிறந்த மரியானோ ரிவேரா, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 652 சேவ் எடுத்தார். பெரும்பாலும் ‘கட்டர்’ என்ற ஒரே வகைப் பந்தை வைத்துக்கொண்டு செய்த சாதனை அது. 2019-இல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் ஒரு வாக்குக்கூடக் குறையாமல் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர். அந்தப் பெருமை ஒரு ரிலீஃப் பிட்சருக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

ரிங்கு 1988-இல் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ரிங்கு ஈட்டி எறிதலில் தேறியவர். 2008-இல் அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் இந்தியாவில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியை நடத்தினார். பல்லாயிரம் பேர் வந்து பந்தெறிந்தார்கள். ரிங்கு இடக்கையால், வீசுவதற்குமுன் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று, மணிக்கு 87 மைல், ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து முதலிடம் பெற்றார். அதுவரை அவர் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பார்த்தது கூட இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள். அந்த நவம்பரில் ரிங்குவும் உடன் சென்ற தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். இந்தக் கதையை வைத்து டிஸ்னி 2014-இல் எடுத்த படம் ஏறக்குறைய இங்கேயே முடிந்துவிடுகிறது. ஏ.ஆர். ரகுமான் இசை என்பதால் நம்மவர்கள் பலரும் பார்த்த படம். ஆனால் என் பார்வையில் ஒப்பந்தம் வெறும் வாசல்தான். ஆளை எடைபோட வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை வைத்து.

2009-இல் மைனர் லீக்கின் அடித்தட்டான கல்ஃப் கோஸ்ட் லீகில் 11 ஆட்டம். ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.84 ஓட்டம் விட்டுக்கொடுத்த சராசரி. சுமாருக்கும் கீழே. ஜூலை 13-இல் கிடைத்த அந்த ஒரு வெற்றி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியக் குடிமகன் பெற்ற முதல் வெற்றி. 2010 முடிவில் தினேஷை அணி விடுவித்தது. ரிங்கு இருந்தார். அடுத்த ஆண்டு ஒரு படி மேலே போனார். ஆஸ்திரேலியாவில் கான்பெரா அணிக்கும் வீசினார்.

2012 அவருடைய ஆண்டு. வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், சராசரி 3.00. சின்ன வயதிலிருந்து இதே ஆட்டத்தில் ஊறிய பேட்டர்களுக்கு எதிரே, நான்கு வருடத்துக்குமுன் அதைப் பார்த்தே இராதவர் எடுத்த கணக்கு இது. ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில் முக்கியமாகப் பார்த்தது வேகத்தை. இந்த 72 இன்னிங்ஸில் தேவைப்பட்டவை வேறு: பந்தை விரும்பிய மூலையில் போடுவது, வேகத்தை மாற்றி ஏமாற்றுவது, நேற்று அடிவாங்கியதை மறந்து இன்று மறுபடி எழுந்து போவது. படம் எடுப்பதென்றால் இதைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

பிறகு கை மறுத்தது. 2013 சீசன் முழுவதும் காயத்தில் போனது. முழங்கையில் ‘டாமி ஜான்’ அறுவை சிகிச்சை செய்தார்கள். கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறொரு பகுதியிலிருந்து நாண் எடுத்துப் பொருத்தும் முறை அது. 1974-இல் முதன்முதலில் யாருக்குச் செய்யப்பட்டதோ அந்த இடக்கைப் பிட்சரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு மீண்டு வந்தவர்கள் பலர். ரிங்கு மீளவில்லை. மேஜர் லீக் மைதானத்தில் கால் வைக்காமலே அவருடைய பேஸ்பால் முடிந்தது. 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்தில் சேர்ந்து, பின்னர் வீர் மஹான் என்ற பெயரில் வலம்வந்தார். இன்று கூட்டம் அடையாளம் காண்பது அந்த முகத்தைத்தான்.

ஜொகூர்ப் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. நம் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். பக்கத்திலேயே ஜொகூர் கிரிக்கெட் அகாடமி மைதானத்தில் 2025-இல் 19 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. ஆசை வந்திருக்கும் காலம் இது. வேகமாக எறியும் பிள்ளையைக் கண்டதும் எல்லா ஆட்டத்திலும் அவனையே, அவளையே வீசவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அமெரிக்காவில் 11, 12 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று வழிகாட்டுதல் வைத்திருக்கிறார்கள். வீசிய எண்ணிக்கைக்கேற்ப ஓய்வு நாளும் உண்டு. நீங்களும் ஒரு நோட்டில் எண்ணி எழுதிவையுங்கள். முழங்கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், கோப்பை கைநழுவினாலும் பரவாயில்லை, அன்றைக்கு வேறொருவரை வீசச் சொல்லுங்கள்.