மெருகிடும் முறை

பொருளுக்கு அழகு தருவது வண்ணம். அவ்வண்ணத்துக்கு ஒளி தருவது மெருகு. மாணவர் ஆக்கும் தேர், கப்பல், வானூர்தி முதலிய சிற்றுருவங்களுக்குக் காற்றுத் தூரிகையால் மெருகிடும் முறையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மெருகென்பது யாது? கரடான பரப்பிற் படும் ஒளி பல திசையிலும் சிதறும். சமனான பரப்பிற் படும் ஒளி ஒரு திசையில் மீளும். அதுவே பளபளப்பு. ஆதலின் மெருகிடுதலாவது பரப்பைச் சமனாக்குதலேயாம்.

நம் மாத்தளை மாவட்டத்து ஹபுவிடக் கைவினைஞர் இதனை நெடுங்காலமாக அறிந்தவர். மரக்கிளைகளிற் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அது தீயில் இளகும் இயல்பினது என்பதைப் பாரதத்து அரக்கு மாளிகையின் கதை அறிந்தோர்க்கு நாம் கூறவேண்டுவதில்லை. நிறமூட்டிய அரக்கைத் தணலில் இளக்கி, நூலென இழுத்து, பொருளின்மேற் பதித்துப் பெருவிரல் நகத்தாற் கிள்ளுவர். ஈற்றில் தாளிப்பனை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். 'நியபொத்து வெட' எனப்படும் இந்நகவேலையை ஆனந்த குமாரசுவாமி, சிங்களக் கலைபற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலில் விளக்கியுள்ளார்.

இனிக் காற்றுத் தூரிகை. வண்ணம் நன்கு உலர்ந்தபின் தூசியைத் துடைத்திடுக. நிறமற்ற வார்னிசைப் பால்போல் நீர்க்கக் கலந்து, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அழுத்தத்தில், 4 முதல் 6 அங்குலத் தொலைவிலிருந்து தூவுக. முதற்பூச்சுப் பனிபோல் மெல்லிதாகுக. அது சற்றே உலர்ந்தபின் அடுத்தது சிறிது ஈரமாகுக. தொலைவில் நின்று தூவின், துளிகள் வழியிலேயே உலர்ந்து தோடம்பழத் தோல்போற் சொரசொரக்கும். நெருங்கி நின்று மிகத் தூவின், வழிந்தோடும். மழைநாளில் லாக்கர் வகை வெண்மை படர்ந்து மங்கும்; கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதிற் படிதலே காரணம். மூக்குக்கு முகமூடியும் அறைக்குக் காற்றோட்டமும் இன்றியமையாதன.

முன்னொருகால் மாணவர் செய்த தேரொன்றுக்கு ஒரே மாலையில் மெருகிட முனைந்து, அவர்தம் மூன்று வார உழைப்பை வழியவிட்டுக் கெடுத்தோம். பிழை நம்முடையதே. மாணவரோ ஒன்றும் கூறாது உப்புத்தாளை எடுத்து மீண்டும் தேய்க்கத் தொடங்கினர். மெருகு குறையை மறைப்பதன்று, மிகுத்துக் காட்டுவது என்பதை அன்று கற்றோம்.

கருவி புதிது, அது வேண்டும் பொறுமை பழையது. நகவேலை வல்லார் இன்று அருகி வருகின்றனர். பழைய மாணவர்காள், நும் மக்களை ஒருமுறை ஹபுவிடவுக்கு அழைத்துச் செல்வீராக. தூரிகையும் காற்றுமின்றி மெருகு பிறக்கும் விந்தையை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.