விளம்பரக் கணக்கு: சுருக்கத் தாள் போதாது, முழு அறிக்கை வேண்டும்

மாத முடிவில் கணக்கப்பிள்ளை "மொத்த விற்பனை இவ்வளவு" என்று ஒற்றை வரி எழுதித் தந்தால் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். பற்றுச்சீட்டு எங்கே, கடன் கொப்பி எங்கே என்று கேட்பார். ஆனால் அதே முதலாளி கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் கட்டும் விளம்பரப் பணத்துக்கு, முகவர் அனுப்பும் ஒரு தாளை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார். "இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் அழுத்தினார்கள்" என்பதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றும் இருப்பதில்லை.

எங்கள் பகுதிக் கருவாட்டு வியாபாரி ஒருவர் அப்படியான தாளைக் காட்டி என்னிடம் கேட்டார்: "தம்பி, ஆயிரக்கணக்கில் பார்த்ததாக மாதாமாதம் வருகிறது. பார்த்தவன் எந்த ஊர்க்காரன்?" சரியான கேள்வி. இடவாரியாக அறிக்கை எடுத்துப் பார்த்தோம். அவர் பொதி அனுப்புவது புத்தளம், கண்டி, கொழும்புக்கு மட்டும். பணத்தில் நல்லதொரு பங்கு கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் அரபு நாடுகளிலும் இருந்தவர்களின் அழுத்தலுக்குப் போயிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. கூகுள் விளம்பரத்தில் ஓர் இடத்தைத் தெரிவு செய்தால், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரம் போகும். நாம் மாற்றாவிட்டால் அதுதான் வழமையான அமைப்பு. மன்னார் வளைகுடாவைப் பற்றி இராமேஸ்வரத்தில் இருந்து தேடுபவருக்கும் நமது கருவாட்டு விளம்பரம் தெரியலாம். சுருக்கத் தாள் இதைக் காட்டாது. முழு அறிக்கைதான் காட்டும்.

அறிக்கை ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

சிறு கடைக்கு அப்படி என்ன பெரிய அறிக்கை என்று கேட்பீர்கள். பெருக்கிப் பாருங்கள். 40 விளம்பரங்கள், 25 ஊர்கள், கைத்தொலைபேசி, கணினி, டெப்லட் என்று மூன்று வகைக் கருவிகள், 365 நாட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்றால் 10,95,000 வரிகள். எக்செல் தாள் ஒன்றில் கொள்ளக்கூடியது 10,48,576 வரிகள்தான். தலைப்பு வரி போக மீதியில் 46,425 வரிகள் வெளியே நிற்கும். நாளுக்கு 3,000 வரி என்பதால், திகதி வரிசைப்படி திறந்தால் டிசம்பரின் கடைசிப் பதினைந்து நாள் கணக்கில் இல்லை. மன்னாரில் நத்தார் வியாபாரம் நடக்கும் நாட்கள் அவை! கோப்பு முழுமையாக ஏறவில்லை என்று எக்செல் எச்சரிக்கும். அதை வாசிக்காமல் "சரி" என்று அழுத்துபவர்களே அதிகம்.

ஏ.பி.ஐ. என்னும் வாசல்

இந்த அளவுக் கணக்கைத் திரையில் சுட்டி சுட்டி எடுக்க முடியாது. அதற்காக உள்ள வாசலே ஏ.பி.ஐ. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் நேரே கணக்குக் கேட்டு வாங்கும் வழி அது. கூகுள் தன் விளம்பரச் சேவையை 2000இல் தொடங்கி, இந்த வாசலை 2005இல் திறந்தது. அந்தப் பழைய வாசல் 2022 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது புதியது. பழைய மென்பொருளைக் காட்டி "எங்களிடம் எல்லாம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த வாசலால் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பெரிய அறிக்கையை வாங்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பக்கம் பக்கமாக வாங்குவது. கூகுளில் ஒரு பக்கத்துக்கு 10,000 வரி. இரண்டாவது, குழாயைத் திறந்தது போல ஒரே இணைப்பில் முழுவதையும் ஓடவிடுவது. இது வேகமானது, ஆனால் நடுவில் மின்சாரமோ இணைப்போ நின்றால் மறுபடி முதலில் இருந்துதான். மூன்றாவது, ஓடர் கொடுத்துவிட்டுப் பிறகு போய் எடுப்பது. பேஸ்புக் பெரிய அறிக்கைகளுக்கு ஓர் இலக்கம் தரும். எத்தனை வீதம் தயார் என்று அந்த இலக்கத்தை வைத்து இடைக்கிடை விசாரித்து, முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டுக் கோடிச் சிப்பி

பெரிய கணக்கு மன்னாருக்குப் புதிதல்ல. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மறிச்சுக்கட்டிக் கரைக்கு வந்த சிப்பிகள் எட்டுக் கோடி அளவில் இருந்தன. குளிப்புத் தொடங்கும் முன்பே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் தரத்தை மதிப்பிட்டார்கள். பிறகு அன்றன்று வந்த சிப்பியை அன்றன்றே எண்ணினார்கள். குளியாட்களுக்கு ஒரு பங்கு, அரசுக்கு இரண்டு பங்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போனது.

இன்றைய அறிக்கைக்கும் அந்த முறை பொருந்தும். முதலில் ஒரே ஒரு நாளின் அறிக்கையை மாதிரியாக எடுத்து, தேவையான நிரல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆண்டு முழுவதையும் ஒரே மூச்சில் கேட்காமல் நாள் நாளாக, அல்லது மாதம் மாதமாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மார்ச் மாதத்தில் இணைப்பு அறுந்தால் மார்ச் மட்டும் மறுபடி எடுத்தால் போதும். வரும் வரிகளை நினைவகத்தில் குவிக்காமல் உடனுக்குடன் வன்தட்டில் எழுதச் சொல்லுங்கள். அதிகம் கேட்டதால் வாசல் மறுத்தால், உடனே திரும்பத் தட்டாமல் சற்றுப் பொறுத்து, மறுபடி மறுத்தால் இன்னும் கூடுதலாகப் பொறுத்துக் கேட்க வேண்டும்.

எடுத்த பின் ஒத்துப் பாருங்கள்

கையில் வந்துவிட்டது என்பதால் கணக்குச் சரி என்று ஆகாது. கூகுளின் ஏ.பி.ஐ. பணத்தைப் பத்து இலட்சத்தால் பெருக்கித் தரும். 25 ரூபா அங்கே 2,50,00,000 என்று நிற்கும், பயப்பட வேண்டாம். தேடற்சொல் அறிக்கையில் எல்லாச் சொற்களும் வராது. மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைக் கூகுள் மறைத்துவிடும். ஆகவே அதன் கூட்டுத்தொகை மொத்தச் செலவை விடக் குறைவாகவே இருக்கும். ஆனால் நாள்வாரி அறிக்கையின் கூட்டுத்தொகை மொத்தச் செலவோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு நாள் விடுபட்டிருக்கிறது.

இன்னொன்று, அண்மைய நாட்களின் கணக்கு உறைந்ததல்ல. இன்று அழுத்தியவர் மூன்று வாரம் கழித்து வாங்கினாலும், அந்த விற்பனை அழுத்திய நாளின் கணக்கில்தான் சேரும். கூகுளில் வழமையான அவகாசம் 30 நாள். எனவே கடைசி 30 நாளை ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க வேண்டும்.

தள்ளிப்போடவும் கூடாது. ஒவ்வோர் அழுத்தலுக்குமான தனி விபரத்தைக் கூகுள் 90 நாள் வரைதான் தரும், அதையும் ஒரு நாள் ஒரு நாளாகவே கேட்க வேண்டும். பேஸ்புக் 37 மாதங்களுக்கு முந்தியதைத் தருவதில்லை.

கணக்கு யாருடைய பெயரில்?

ஒரு கடை, இரண்டு மூன்று விளம்பரம் என்றால் ஏ.பி.ஐ. தேவையில்லை. மாதம் ஒரு முறை கூகுளின் அறிக்கைப் பகுதியில் இருந்து கோப்பை நேரே தரவிறக்கினால் போதும். பல கிளைகள், நூற்றுக்கணக்கான பொருட்கள் உள்ளவர்கள்தான் அந்த வாசலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எல்லோருக்கும் பொருந்துவது வேறொன்று. விளம்பரக் கணக்கு முகவரின் பெயரில் இருந்தால், நாளை அவரோடு ஒத்துப்போகாத போது பல வருடக் கணக்கும் அவரோடு போய்விடும். கணக்கை உங்கள் பெயரில் திறந்து, முகவருக்கு நிர்வகிக்கும் அனுமதி மட்டும் கொடுக்கக் கூகுளில் வசதி இருக்கிறது. வேண்டாதபோது அந்த அனுமதியை எடுத்துவிடலாம்.

இந்த வாரமே முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? சென்ற ஆண்டின் நாள்வாரி, இடவாரி அறிக்கையை முழுக் கோப்பாகத் தருவீர்களா? அதன் கூட்டுத்தொகை நான் கட்டிய பணத்தோடு ஒத்துவருகிறதா? நேர்மையான முகவர் இதற்காகக் கோபிக்க மாட்டார். கோபித்தால், அடுத்த மாதப் பணத்தைக் கட்டுமுன் அந்தக் கணக்கை வேறொருவரைக் கொண்டு பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.