சித்தப்பா மகனைத் ‘தம்பி’ என்று எழுதாதீர்கள்

சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான விண்ணப்பத்தில் உறவுமுறையை எழுதும் இடத்தில் தவறிவிட்டு, மாதக்கணக்கில் டயாலிசிஸ் கட்டிலில் காத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சித்தப்பா மகனைத் ‘தம்பி’ என்கிறார்கள். பெரியம்மா மகளை ‘அக்கா’ என்கிறார்கள். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம், யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறாக இருக்கும். மரபணுப் பரிசோதனையும் கூடப்பிறந்தவர் இல்லை என்று சொல்லிவிடும். அதோடு கோப்பு நின்றுபோகும். உறுப்பைக் கொடுக்க மனமுவந்து வந்த பிள்ளை, குற்றவாளியைப் போலக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

உயிரோடு இருப்பவர் உறுப்பு தருவதை 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும், 2011-இல் வந்த திருத்தமும், 2014-ஆம் ஆண்டு விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. இவற்றின்படி ‘நெருங்கிய உறவினர்’ யார் யார்? கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. பட்டியல் அவ்வளவுதான். தாய்மாமன் இல்லை, அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, அவர்கள் பிள்ளைகளும் இல்லை. மாமியார், மருமகள், மைத்துனர் யாரும் இல்லை. அத்தை மகனையே கட்டிக்கொண்ட பெண் அவருக்குச் சிறுநீரகம் தரலாம். அவர் மனைவி என்பதால் அந்தத் தகுதி வருகிறது, மாமன் மகள் என்பதால் அல்ல.

பட்டியலில் இல்லாதவர் தரவே முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். இங்கேதான் பலர் பயந்துபோய்ப் பொய்யை நாடுகிறார்கள். பாசத்தாலோ பற்றுதலாலோ தருகிறேன் என்று வெளிப்படையாக விண்ணப்பித்து, அங்கீகாரக் குழுவின் முன் அனுமதியைப் பெற்றுத் தர முடியும். சட்டமே திறந்து வைத்திருக்கும் வழி அது.

மரபணுக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்கிறார்கள். தாய்மாமன், அத்தை, சித்தப்பாவோடு கால் பங்கு. அவர்கள் பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் இது கூடும். திசுப் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை வேறு. அந்த மரபணுக்கள் பெரும்பாலும் தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என்று மொத்தமாக வருகின்றன. ஆகவே கூடப்பிறந்த இருவருக்கு முழுப் பொருத்தம் அமைய 25 சதவீதமும், பாதிப் பொருத்தம் அமைய 50 சதவீதமும், எதுவுமே பொருந்தாமல் போக 25 சதவீதமும் வாய்ப்புண்டு. பொருந்தவில்லை என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு பெற்ற தாயின் மேல் சந்தேகப்படுவது அறியாமை, கொடுமையும்கூட. உறவில் ஐயம் எழுந்தால் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். அதிலும் தெளியவில்லை என்றால் பெற்றோர் இருவருக்கும், முடியாதபோது ஒருவருக்காவது, அவர்களும் இல்லாவிட்டால் முன்வரும் மற்ற உறவினர்களுக்கும் பரிசோதிக்க விதியில் இடமுண்டு. கேட்டு வாங்குங்கள்.

இனி, காகிதம். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி தருவதானால் படிவம் 1. கணவன் மனைவிக்குள் என்றால் படிவம் 2. மற்ற எல்லோருக்கும், அத்தை மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும், படிவம் 3. இதை நோட்டரி முன்னிலையில் உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். நோட்டரியின் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடி வருபவர்கள்தான் அதிகம். கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து கையெழுத்திடும் விண்ணப்பம் படிவம் 11. பாசத்தால் தருபவர் வேறு மாநிலத்தவராக இருந்தாலோ பெறுபவர் அப்படி இருந்தாலோ, வட்டாட்சியர் தரும் வசிப்பிடச் சரிபார்ப்புச் சான்று, படிவம் 20, கட்டாயம். வெளிமாநிலத்தவர் இங்கே வந்து சிகிச்சை பெறும்போது அவர்களுடைய சொந்த மாநிலத்துக் குழுவே விசாரிக்க வேண்டும் என்று 2005-இல் குல்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு அரசு எதிர்த்தரப்பாக இருந்த வழக்கு அது.

குழு என்ன கேட்கும் என்பதை விதிகளே சொல்கின்றன. இருவருக்கும் என்ன தொடர்பு, ஏன் தர முன்வந்தார், சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆவணம் உண்டா, பழைய புகைப்படம் உண்டா, தரகர் யாரும் நடுவில் இருக்கிறாரா, இரு தரப்பின் மூன்று நிதியாண்டு வருமானம் எவ்வளவு. ஆகவே பழைய குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ், அவர் பெயரில் உள்ள பத்திரம் என்று தேடி எடுங்கள். தாத்தாவிலிருந்து இரு கிளையாகப் பிரியும் வம்ச வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆவணத்தைச் சேருங்கள். கல்யாண ஆல்பத்திலும் காதுகுத்துப் படங்களிலும் இருவரும் சேர்ந்து நிற்பவற்றை எடுங்கள். நேற்று கைப்பேசியில் எடுத்த படத்துக்கு அங்கே மதிப்பில்லை. தினக்கூலிக்காரர் வருமான வரிக் கணக்குக்கு எங்கே போவார்? வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கொடுப்பவரின் வீட்டாரையும் குழு விசாரிக்கும். மனைவியிடமோ பெற்றோரிடமோ சொல்லாமல் வந்து நிற்பவர்களால்தான் பல கோப்புகள் கடைசி நேரத்தில் உடைகின்றன.

பொய் ஆவணம் வேண்டாம். நெருங்கிய உறவினர் என்றோ பாசத்தால் தருகிறார் என்றோ காட்டப் பொய்ப் பத்திரமோ பொய் உறுதிமொழியோ கொடுத்தால், அதற்கும் உறுப்பு வியாபாரத்துக்கும் ஒரே தண்டனை: 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். “அத்தை மகன் என்று எழுதிக்கொள்ளலாம், ஆதாரம் நாங்களே தயார் செய்கிறோம்” என்று வருகிறவர் தரகர். பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களின் கடனையும் வறுமையையும் பயன்படுத்திச் சிறுநீரகங்களை வாங்கிய விவகாரம் 2025-இல் வெளிவந்தது. அதன் பிறகும் எச்சரிக்கை வராவிட்டால் எப்போது வரும்? மறுபடியும் சொல்கிறேன்: சித்தப்பா மகனைச் சித்தப்பா மகன் என்றே எழுதுங்கள்.

மலேசியாவிலும் இலங்கையிலும் இருக்கும் நம் சொந்தங்கள் சென்னைக்கு சிகிச்சைக்கு வருகிறார்கள். பெறுபவர் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தால், இந்தியர் ஒருவர் அவருக்கு உறுப்பு தர நெருங்கிய உறவினராக இருந்தே தீர வேண்டும். பாசம் என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. விமான டிக்கெட் எடுக்கும் முன் இதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ரத்த சொந்தத்தில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பெறுபவரின் சிறுநீரகம் எதனால் கெட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உறவினரைக் கூட்டிவராதீர்கள். நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்புண்டு. இளம் வயதில் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் ஒடுங்கிய மரபணுக்களால் வரும் நோய்களும் கூடுதல். கொடுப்பவருக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்று விதியே சொல்கிறது: அவருடைய சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும். வீட்டில் கட்டாயப்படுத்தி அழைத்துவந்த பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு தனி அறையாவது கொடுங்கள். அதைக்கூடச் செய்யாத மருத்துவமனைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

குழுவின் மேலும் கோபம் உண்டு. கூட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்தையே தள்ளிப்போட்டால் அந்த விதியால் யாருக்கு என்ன பயன்? “அடுத்த வாரம் வாங்க” என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். கோப்பு எண்ணையும், எந்த ஆவணம் குறைகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைப் படிவம் 18-இல் எழுதித் தர வேண்டும். மறுத்தால், அந்த உத்தரவு கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அஞ்சல் முத்திரையுள்ள உறையைத் தொலைக்காதீர்கள், நாள் கணக்குக்கு அதுவும் ஒரு சாட்சி. காத்திருக்கும் காலத்தில், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் உறுப்புக்கான மாநிலப் பட்டியலிலும் மருத்துவமனை வழியாகப் பெயரைப் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். வீட்டில் கொடுக்க ஆள் இருக்கிறார் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.